அரைத்தாள் நோட்டீஸ்

2005 மார்ச் 14, திங்கள்

இன்று சொல்லாதது: "நானா, அந்த நோட்டீஸில் கை வைத்தது நீங்கள்."

வாய் வரை வந்தது. கடையில் ஆள் இருந்தது. போட்டோ கொப்பி எடுக்க ஒரு சிங்கள மாத்தயா, டெலிபோன் பெட்டிக்குள் ஒரு பெண். அவர்கள் முன்னால் முதலாளி நானாவைக் கேட்கக் கூடாது என்று விட்டேன். அவர்கள் போன பிறகும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் கிடையாது.

பகல் முழுக்க வெயில், நாலு மணிக்கு இடியோடு மழை. பஸ் கூரை ஒழுகியது.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோபத்தில் நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

எங்கள் இறப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நோட்டீஸ். வெள்ளிக்கிழமை நான்தான் அடித்தேன், யட்டியாந்தோட்டையில் நான் வேலை செய்யும் நானாவின் கம்பியூட்டர் கடையில். முழுத்தாள். இடது பக்கம் என்ன பூசை, வலது பக்கம் யார் உபயம். நடுவில் டேப், எழுத்து நிற்கும் இடக்குறி, வைத்து நிறுத்தினேன். நூல் பிடித்தது போல் நின்றது. கோவில் கமிட்டித் தலைவர், தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் மேல் பிரிவுக் கணக்கப்பிள்ளை (இனி க.பி.), பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை எனக்கு அரை நாள். நான் வீட்டுக்கு வந்த பிறகு க.பி. மறுபடி கடைக்குப் போய், அரைத்தாளில் வேண்டும், ஒரு தாளில் இரண்டு வெட்டலாம் என்றிருக்கிறார். நானா தாளின் அளவை மாற்றியிருக்கிறார். "அத மட்டும்தான் செஞ்சன் தங்கச்சி" என்கிறார்.

அது மட்டும் போதும்.

தாள் சிறுத்தால் டேப் சிறுக்காது. வைத்த இடத்திலேயே நிற்கும். தாளின் ஓரம் உள்ளே வந்துவிடும், டேப் வெளியே நிற்கும், எழுத்து போக இடமில்லாமல் அடுத்த வரியில் விழும். நானா முன்பு டைப்ரைட்டர் வகுப்பு நடத்தியவர். அவருக்கு இன்றும் கம்பியூட்டர் என்பது டிவி வைத்த டைப்ரைட்டர். டேப்பை எல்லாம் அழித்துவிட்டு ஸ்பேஸ் தட்டித் தட்டி நகர்த்தியிருக்கிறார். பால்குடத்து உபயகாரர் பெயர் நீளம். பாதி கீழே விழுந்திருக்கிறது. அந்த வரியில் இடது பக்கம் காலியாக நின்றது நானாவின் கண்ணுக்கு அழகாக இல்லை. கீழே இருந்த 'கரகம்' என்ற சொல்லை மேலே இழுத்து அங்கே வைத்துவிட்டார். பிறகு அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே.

நான் அடித்தது:

கொடியேற்றம் – தோட்ட அலுவலகம்
பால்குடம் – மேல் பிரிவுக் கணக்கப்பிள்ளைமார், கங்காணிமார் குடும்பத்தினர்
கரகம் – கீழ்ப் பிரிவுப் பெண்கள்
கோவில் வளவு துப்புரவு – சகல பிரிவு மக்கள்
தேர் – நகர வியாபாரிகள்
மஞ்சள் நீராட்டு – இளைஞர் மன்றம்

ஊருக்குப் போனது:

கொடியேற்றம் – தோட்ட அலுவலகம்
பால்குடம் – மேல் பிரிவுக் கணக்கப்பிள்ளைமார்
கரகம் – கங்காணிமார் குடும்பத்தினர்
கோவில் வளவு துப்புரவு – கீழ்ப் பிரிவுப் பெண்கள்
தேர் – சகல பிரிவு மக்கள்
மஞ்சள் நீராட்டு – நகர வியாபாரிகள்

கடைசியில் இளைஞர் மன்றம், பக்கத்தில் ஒன்றுமில்லாமல், தனியாக.

நேற்றுக் காலை கோவிலில் கொடுத்திருக்கிறார்கள். அம்மா கீழ்ப் பிரிவில் இறப்பர் பால் வெட்டுகிறவள், எழுத்துக் கூட்டிப் படிப்பவள். இரண்டு தடவை படித்தாளாம். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை இடித்தாள்.

மார்ச் 15, செவ்வாய்

அம்மா வாயைத் திறந்தாள். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"கூட்டுறதுக்கு எங்க பேர போட்டுட்டு வந்துருக்க. எந்தக் கையால அடிச்ச?"

"நான் அடிக்கலம்மா. அடிச்சேன். ஆனா இப்பிடி அடிக்கல."

"பின்ன பேயா அடிச்சுச்சு?"

டேப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு விடிய ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பி நிற்கும் ஒருத்தியிடம் ரூலர், மார்ஜின் என்று.

எதற்காக இவ்வளவு என்று யாராவது கேட்கலாம். (யார் கேட்கப் போகிறார்கள்? இந்தக் கொப்பியை நான் மட்டும்தான் திறப்பேன். ஆனாலும்.) கரகம் ஆற்றில் பாலித்து, பூச்சுற்றிச் சோடித்து, கோவிலுக்கு வரும்போது ரோட்டோடு மேலே போய்விடும். கீழ்ப் பிரிவு லயத்துக்கு, நாங்கள் இருக்கும் வீட்டு வரிசைக்கு, இறங்கியதே கிடையாது. ஏன் என்றால், "பாத சரியில்ல." அதே பாதையில்தான் எங்கள் ஆட்கள் தினமும் பால் வாளியோடு ஏறி இறங்குகிறார்கள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். வாயால் சொல்ல மாட்டார்கள். உபயம் யாருடையதோ, அவர்கள் வாசலுக்குக் கரகம் வந்து நின்று ஆரத்தி வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் அம்மாவும் பார்வதி அத்தையும் மற்றப் பெண்களும் வருஷக்கணக்கில் கமிட்டிக் கூட்டத்தில் போய் நின்று, பேச்சு வாங்கி, இந்த வருஷம்தான் கரக உபயத்தை எழுத வைத்தார்கள்.

இன்னொன்று. இங்கே நோட்டீஸில் ஒரு முறை பெயர் வந்தால் அது வழமையாகிவிடும். அடுத்த வருஷமும் அவர்களுக்கே. கரகம் கங்காணி வீட்டுக்கு. விளக்குமாறு எங்களுக்கு.

கடையில்: மத்தியானத்துக்குள் இரண்டு விண்ணப்பம் (சிங்களம்), ஒரு பரீட்சைத் தாள். பிறகு நோட்டீஸைத் திறந்தேன். நானா தட்டிய ஸ்பேஸ் எல்லாம் குறியாகத் தெரியும்படி வைத்துப் பார்த்தேன். திரை முழுக்கப் புள்ளி. அம்மை போட்டது போல. எல்லாவற்றையும் அழித்தேன். முதலில் தாள் அளவு, பிறகு ஓரம், அதற்குப் பிறகுதான் டேப். நீளப் பெயர் இரண்டாம் வரிக்குப் போனாலும் தன் பெயருக்கு அடியிலேயே நிற்கும்படி உள்தள்ளி வைத்தேன். எழுத்தை ஒரு சுற்றுச் சிறிதாக்கினேன். அரைத்தாளில் அழகாக உட்கார்ந்தது. அரை மணி நேர வேலை. சனிக்கிழமை என்னைக் கேட்டிருந்தால் சனிக்கிழமையே முடிந்திருக்கும்.

நானாவிடம் காட்டினேன்.

"மாஷா அல்லா, நல்லா ஈக்கி. ஆனா தங்கச்சி, அவர் கேக்காம நாங்க எப்பிடிக் குடுக்கிற?"

"பிழை நம்மளோடதுதானே நானா?"

நம்மளோடது என்றேன். உங்களோடது என்று வரவில்லை. என் வாயை என்ன செய்வது?

வாங்க வேண்டியது: சவர்க்காரம், டோர்ச் பெட்டரி, அம்மாவுக்குச் சித்தாலேப்பைத் தைலம்.

மார்ச் 16, புதன்

வியாபாரிகள் கோபமாம். பேக்கரிக்காரர் கடைக்கே வந்துவிட்டார். "தேர் குடுக்கிறது நாங்க. எங்களப் போய் மஞ்சத் தண்ணி ஊத்தப் போட்டிருக்கீங்க. இந்த வயசுல நான் யாருக்கு ஊத்துறது, யாருகிட்ட அடி வாங்குறது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்குப் பிழை நேர்ந்தால் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் அது திருந்திவிடும் என்று தெரியும்.

திருந்தியது. பதினொரு மணிக்கு க.பி. வந்தார். வெள்ளைச் சேர்ட், பொக்கெட்டில் இரண்டு பேனா, கையில் குடை. அப்படியே எழுதுகிறேன்.

"என்னா புள்ள, நோட்டீஸ இப்பிடிப் பண்ணிட்டீங்க? தேருக்காரங்க என்னைய உசுரோட திங்கிறாங்க."

திருத்தி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். விரல் கரகத்தில் நின்றது.

"இது வேணாம். தேரையும் மஞ்சத் தண்ணியையும் மட்டும் சரியாக்கு. மத்தது வந்தபடியே இருக்கட்டும்."

"வந்தபடின்னா பிழையா வந்ததுங்களே."

"அச்சுல வந்துருச்சு. மைக்குலயும் வாசிச்சாச்சு. சனங்க மனசுல பதிஞ்சுருச்சு. இனி மாத்துனா கொழப்பம்."

"தேரும் அச்சுல வந்துச்சுங்க. மைக்குலயும் வாசிச்சீங்க."

நானா இருமினார்.

"இந்தா புள்ள, சட்டம் பேசாத. அடிச்சது யாரு? கீழ்ப் பிரிவுப் புள்ள. நான் கோவில்லயே சொல்லிட்டேன், அவங்க புள்ளயே அடிச்சிருக்கு, அதுல பிழ வர எடமில்லன்னு. சாமி காரியம். அம்மனே எழுதிக்கிட்டான்னு நெனச்சுக்க."

அதாவது: தானாக விழுந்த பிழையை நான் இப்போது உட்கார்ந்து, ரூலர் வைத்து, அழகாக, ஒழுங்காகச் செய்து கொடுக்க வேண்டும். கங்காணிமார் குடும்பத்தைக் கரகத்துக்கு நேரே நூல் பிடித்து நிறுத்த வேண்டும். சகல பிரிவு மக்களை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் துப்புரவில் இரண்டு பெயர் வந்துவிடும். எங்கள் அம்மாவை விளக்குமாற்றுக்கு நேரே, ஒரு நூல் கூட விலகாமல்.

எழுந்தேன்.

"எனக்கு ஏலாதுங்க. நீங்களே அடிச்சுக்கங்க."

தேத்தண்ணீர்க் கேத்தல் இருக்கும் மூலைக்குப் போய் நின்றேன். கிளாஸை இரண்டு தடவை கழுவினேன்.

நானா உட்கார்ந்தார். நகர்த்தினார். ஒன்றை இழுத்தால் ஒன்று ஓடியது. தேர் சரியாக வந்தபோது கொடியேற்றம் தாளுக்கு வெளியே போனது. க.பி. குடையைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார். "தங்கச்சி, இந்த ரூலர்ல எந்த எடத்துல அமத்துற?" என்று நானா கேட்டார். நான் கேட்காதவள் போல் நின்றேன். இன்னொரு தடவை கேட்டார். வெளியே பஸ் நடத்துனர் "அவிசாவளை அவிசாவளை" என்று கத்திக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார். பழைய நோட்டீஸ் ஒன்றில் பெயர்களைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பசை தடவி ஒட்டி, போட்டோ கொப்பி எடுத்தார். டைப்ரைட்டர் காலத்து வைத்தியம். வேலை முடிந்தது. ஆனால் ஒட்டிய கீற்றின் ஓரம் கொப்பியில் கறுப்பாக விழுந்திருக்கிறது. கீழ்ப் பிரிவுப் பெண்களைச் சுற்றி ஒரு பெட்டி. மரண அறிவித்தல் போல.

க.பி. அதைப் பார்த்தார். "பரவாயில்ல, எடுப்பா தெரியுது" என்றார்.

மார்ச் 18, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுதியிருந்தால் தாள் கிழிந்திருக்கும்.

நூலகத்து ரஷ்ய நாவலில் ஒருத்தி கோபம் வந்தால் மூன்று பக்கம் பேசுகிறாள். எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் நான்கு சொல் வருகிறது, அதிலும் ஒன்று 'ங்க'.

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பிழை நானாவினது, இரண்டாவது பிழையே இல்லை, க.பி. கேட்டுச் செய்தது என்று. ஒட்டு நோட்டீஸைக் காட்டினேன்.

பார்வதி அத்தைதான் முதலில்: "ஏன் புள்ள, அந்தக் கம்பியூட்டர்ல வெளக்குமாறும் இருக்கா? இருந்தா அதையே கூட்டச் சொல்லேன்."

சிரித்தார்கள். பிறகு நிறுத்தினார்கள்.

"நான் திருத்தினது ஒன்னு இருக்கு அத்த. கொப்பி எடுத்து எல்லா லயத்துலயும் ஒட்டலாம்."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "காயிதத்துக்குக் காயிதம் ஒட்டிக்கிட்டு இருக்கச் சொல்றியா? அவன் வெட்டி ஒட்டுவான், நீ வெட்டி ஒட்டுவ. கரகம் காயிதத்துலயா வருது? ரோட்டுல வருது."

இதை என்னைப் பார்த்துச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக.

மார்ச் 22, செவ்வாய்

நானா மாலுபான், மீன் வைத்த பணிஸ், வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். சாப்பிடவில்லை. சாயங்காலம் எறும்பு மொய்த்தது. நல்ல மனிதர்தான். என் சம்பளத்தைப் பிடித்ததில்லை, மழை நாளில் நேரத்தோடு அனுப்புவார், மகளைப் போல் பார்க்கிறார். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

"தங்கச்சி இன்னமும் கோவமா?"

"இல்ல நானா."

பொய்.

"தோட்டத்து வேல எல்லாம் அவர்தான் எங்களுக்குக் கொண்டு வார. அவரக் கோவிக்க வெச்சா ஏலுமா?"

"எங்களக் கோவிக்க வெச்சா?"

நானா எறும்பைத் தட்டினார்.

இன்று ஒரு இறப்பர் ஸ்டாம்ப் ஓடர், ஒரு கலியாண அழைப்பிதழ் (பெரிய தாளிலிருந்து சிறிய தாளுக்கு). மாப்பிள்ளையின் அப்பா பெயர் பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் விழப் பார்த்தது. நிறுத்தினேன். யாருக்கும் தெரியாது.

தலைவலி. இரண்டு பெனடோல்.

மார்ச் 25, வெள்ளி. போயா, பௌர்ணமி விடுமுறை

கொடியேற்றம். நான் போகவில்லை. ஸ்பீக்கர் இங்கேயே கேட்கிறது. க.பி. மைக்கில்: "நாளைய கரக உபயம் கங்காணிமார் குடும்பத்தினர். நாளை மறுநாள் விடிய வளவு துப்புரவு, கீழ்ப் பிரிவுப் பெண்கள். வெளக்குமாறு அவங்கவங்க கொண்டு வரவும்." கொண்டு வரவும் என்று அழுத்திச் சொன்னார். யாரோ சிரித்தது மைக்கில் கேட்டது.

அம்மா சேலையை இஸ்திரி போட்டாள். கரி இஸ்திரிப்பெட்டி, பக்கத்து வீட்டினுடையது. பச்சைச் சேலை. குங்குமம், மஞ்சள், சூடம் எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்து மூடினாள்.

"எங்கம்மா போறீங்க?"

"கரகத்துக்கு."

"நம்ம உபயம் இல்லயே."

"ஆமா. அதுக்குத்தான் போறேன்."

மார்ச் 27, ஞாயிறு

நேற்று.

மூன்று மணிக்கு ஆற்றில் கரகம் பாலித்தார்கள். பூசாரி தலையில் ஏற்றிவிட்டால் கோவில் வரும் வரை இறக்கக் கூடாது. தரையில் வைத்தால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள். தப்பு மேளச் சத்தம் ரோட்டோடு ஏறி வந்தது.

எங்கள் லயத்துக்குப் பாதை பிரியும் முடக்கில் பெண்கள் எல்லோரும் ரோட்டின் குறுக்கே உட்கார்ந்தார்கள். ஆரத்தித் தட்டு மடியில். கூச்சல் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்கள் என்று நான் படித்த புத்தகங்களில் எல்லாம் கோஷம் இருந்தது. இங்கே பார்வதி அத்தை பக்கத்தில் இருந்தவளிடம், "தள்ளி ஒக்காரு, சேலைய மிதிக்கிற" என்றாள். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தார் சுட்டது.

தப்பு நின்றது. க.பி. முன்னால் வந்தார்.

"எந்திரிங்க. என்னா கூத்து இது? சாமி வழியில."

அம்மா: "சாமிக்கு ஆரத்தி எடுக்கத்தான் வந்தோம். எங்க வாசல்ல எடுப்போம். வந்தா எந்திரிக்கிறோம்."

"உபயம் ஒங்களோடது இல்ல. நோட்டீஸப் பாரு."

"பாத்தோம். ஒட்டுப் போட்டிருந்துச்சு."

அவருக்குப் பின்னால் நின்ற தப்புக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். க.பி. திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விரலை நீட்டினார். "இதெல்லாம் இவ வேல. நாலு எழுத்துப் படிச்ச திமிரு."

இதற்கு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த பதில் இருந்தது. தாள், ஓரம், டேப், வரிசையாக. அம்மாவின் கை என் முழங்காலின் மேல் இருந்தது, அழுத்தி.

கரகம் பூசாரியின் தலையில். வியர்வை கண்ணுக்குள் ஓடியது, துடைக்க முடியாது, இரண்டு கையும் மேலே. கழுத்து நடுங்க ஆரம்பித்தது.

"பூசாரி, ஓரமா மேல வாங்க!" என்றார் க.பி.

"எங்கிட்டுங்க வர? ரோடு பூரா ஒக்காந்துருக்காங்க. எறக்க ஏலாதுங்க."

"கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கச் சொல்றது எனக்கா, தலையில இருக்கிறவளுக்கா?"

பூசாரி க.பி.யைச் சுற்றிக்கொண்டு வந்து, பக்கவாட்டில் படியில் காலை வைத்து எங்கள் லயத்துப் பாதையில் இறங்கினார். தப்பு வரவில்லை. க.பி. கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சத்தமே இல்லாமல், பூசாரியின் காற்சலங்கை மட்டும் கேட்க, கரகம் லயத்து வாசல்களைத் தாண்டி வந்தது. பெண்கள் எழுந்து ஓடினார்கள். சிலருக்குத் தீப்பெட்டி வியர்வையில் நனைந்து சூடம் பற்றவில்லை. பூசாரி ஒவ்வொரு வாசலிலும் நின்றார். அம்மா ஆரத்தி எடுத்தாள். மூன்று சுற்று. முகத்தில் ஒன்றும் இல்லை, பால் வெட்டும்போது இருப்பது போல.

லயத்துக் கடைசிப் படியால் ஏறிக் கோவிலுக்குப் போனார்.

இன்று விடிய வளவு கூட்ட எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. வாழை இலையும் தேங்காய் மட்டையும் கிடக்க, அதன் மேலேயே தேர் ஓடியதாம்.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். கோபம்தான் இருக்கிறது. தப்பை நிறுத்திய அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மார்ச் 29, செவ்வாய்

மழை. இன்று பெரட்டில் க.பி. ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் எல்லோருக்கும் துண்டு, பால் வெட்டும் மரங்களின் பங்கு, மாற்றிக் கொடுத்திருக்கிறார். பட்டை வெட்டித் தீர்ந்த பழைய மரங்கள், பால் சொட்டுமே தவிர ஓடாது, பால் குறைந்தால் கூலியும் குறையும். அம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டு போனாள்.